அப்பா போட்ட நெளிகோடு

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரகுபதி எழுதுவது. இங்கே நானும் வசந்தாவும் சுகம். மகள் வைஷாலி பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். தைப்பிங்கில் மழை விட்டதா? சனவரியில் கழுத்தில் செய்த ஆபரேஷன் தையல் முழுக்க ஆறிவிட்டதா? நான் எப்போது ஃபோன் செய்தாலும் உங்கள் மருமகள் மோகனப்பிரியாதான் எடுக்கிறாள். அத்தை குளிக்கிறார்கள், அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை முறை குளிப்பார்?

ஒரு நல்ல சேதி. பள்ளிக்கூட அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதமாகச் சும்மா இருந்தவன், அப்பாவின் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டேன். அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லாத அதே காப்பியம்தான். லிட்டில் இந்தியாவில் ஜலாலுதீன் பாய் உணவுக்கடையின் மாடியை ஞாயிறு மூன்று மணிக்கு இலவசமாகத் தருகிறார். சின்ன வயதில் நாம் இருந்த துறைமுகக் குவார்ட்டர்ஸில் நவராத்திரி ஒன்பது நாளும் அப்பா உட்கார்ந்து படிப்பாரே, அதே மாதிரி நான் படிக்கிறேன். முதல் நாள் பத்தொன்பது பேர், இன்று முப்பத்தொன்று. முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, ஞாயிறு விடுப்பில் வரும் ஊர்ப் பிள்ளைகள். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் இருதயராஜ் என்பவர் முதல் ஆளாக வந்து நாற்காலிகளைப் போட்டுவிடுகிறார்.

கதை தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கிச் சொன்னேன். கயற்கொடியின் கணவன் கப்பலேறிப் போகிறான், பன்னிரண்டு வருடம் சேதியில்லை. அவள் அவன் பண்டகசாலையை நடத்துகிறாள். திரும்பி வந்தவன் அவளை அவைக்கு இழுத்துக் கேள்வி கேட்கிறான். அந்த அவைக் காட்சிக்கு செப்டம்பர் முதல் ஞாயிறு வந்து சேருவேன் என்று கணக்கு.

பெருமைக்குச் சொல்லவில்லை, கயற்கொடி பேசும் இடங்களில் அப்பாவின் குரல் அப்படியே எனக்கு வருகிறது. "அண்ணே, கண்ணுல தண்ணி வர வெச்சிட்டீங்க" என்று இருதயராஜ் சொன்னார். ஒவ்வொரு வாரமும் ஒலிப்பதிவை மோகனப்பிரியாவின் ஃபோனுக்கு அனுப்புகிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும்,
தம்பி ரகு


தைப்பிங், மலேசியா
24.3.2024

அன்புத் தம்பி ரகுவுக்கு,

அக்கா ஆசீர்வாதம். வசந்தா முட்டிவலிக்கு எண்ணெய் தடவுகிறாளா? தையல் ஆறிவிட்டது, கவலை வேண்டாம். ஃபோன் கூடத்தில் இருக்கிறது, டிவி சத்தத்தில் பேச முடியவில்லை. நாம் எழுபத்தாறிலிருந்து கடிதத்தில்தானே பேசிக்கொள்கிறோம். இப்போது என்ன புதிதாக ஃபோன்?

பதிவுகளைக் கேட்டேன். உன் தமிழ் சுத்தமாக இருக்கிறது. மூச்சு விடும் இடம் கூட அப்பாதான். வாயில் வெற்றிலை மட்டும்தான் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பண்டகசாலையில் நெல் அளக்கிறவன் மரக்காலைச் சாய்த்து ஏமாற்றுகிறான். கயற்கொடி அவனைப் பார்த்து, "அளப்போய், கை நிறுத்து" என்கிறாள். அதை ஏன் நீ அழுகுரலில் படித்தாய்? நெல் அளக்கிறவனைத் திட்டும்போது எந்தப் பெண் அழுவாள்? நான் முப்பது வருடம் மசாலா மில் நடத்தியவள். மிளகாயில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றிக் கொண்டுவந்தவனிடம் நான் அழுதுகொண்டா பேசினேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் குடை இல்லாமல் போகாதே.

அக்கா சரசு


புக்கிட் பாத்தோக்
7.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் சுகம் அறிந்து நிம்மதி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, குடை எடுத்துத்தான் போகிறேன்.

கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம். நான் இஷ்டத்துக்கு அழவில்லை. அப்பா பென்சிலால் போட்டு வைத்த குறிகளின்படிதான் படிக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்குமே. ஒரு கோடு என்றால் நிறுத்தம். இரண்டு கோடு என்றால் குரலை உயர்த்த வேண்டும். சொல்லுக்கு அடியில் நெளிகோடு போட்டிருந்தால் அழுகுரல். நீங்கள் சொன்ன நெல் அளக்கும் வரிக்கும் நெளிகோடு இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெண்கள் பேசும் வரிகளில் பெரும்பாலும் நெளிகோடுதான். காப்பியப் பெண் என்றால் துயரம் சுமப்பவள்தானே அக்கா. அந்தத் துயரத்தில்தானே அவளுடைய பெருமையே இருக்கிறது. அப்பா படித்தபோது குவார்ட்டர்ஸ் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அது பொய்யா?

உங்கள் மகன் ராஜீவுக்கும் மோகனப்பிரியாவுக்கும் என் அன்பு. அடுத்த பதிவை இன்று அனுப்பியிருக்கிறேன்.

தம்பி ரகு


தைப்பிங்
12.5.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. சும்மா, பார்த்து அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் நலம்.

முந்தானையால் துடைத்தது பொய்யில்லை. நானும் துடைத்திருக்கிறேன். அப்பா குரல் அப்படி. அந்தக் குரலில் மளிகைச் சீட்டைப் படித்தாலும் அழுகை வரும்.

எனக்காக ஒரு வேலை செய். பென்சில் குறிகளைப் பார்க்காதே, அச்சை மட்டும் பார். கயற்கொடி அழுதாள் என்று புலவர் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று தேடிச் சொல். புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது. எனக்கு ஞாபகத்தில் இருப்பது மட்டும்தான். ஞாபகம் பிசகியும் இருக்கலாம்.

நிதானமாகத் தேடு. சாப்பாட்டு நேரம் தவற விடாதே.

அக்கா சரசு


புக்கிட் பாத்தோக்
26.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய இந்த முறை நிஜமாகவே அவசரப்படுகிறேன். எதற்கு ஆஸ்பத்திரி?

நீங்கள் சொன்ன வேலையை ஒரு நாளில் முடிக்கலாம் என்று நினைத்தேன். ஆறு நாள் ஆனது. வசந்தாவை எதிரில் உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசி வரை பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

அவள் ஓரிடத்தில் கூட அழவில்லை.

அழுதாள், விம்மினாள், புலம்பினாள், கண் கலங்கினாள் என்று ஒரு சொல் இல்லை. சொன்னாள், கேட்டாள், நின்றாள் என்றுதான் வருகிறது. ஓரிடத்தில் சிரித்தாள். மாலுமி ஒருவன் அவளைப் பார்த்து, பெண்ணுக்குக் காற்றின் திசை தெரியுமா என்று கேட்கும் இடம் அது. நான் பத்து வாரத்துக்கு முன் அந்தச் சிரிப்பையும் அழுதுதான் படித்திருக்கிறேன். பதிவைப் போட்டுக் கேட்டேன், வெட்கமாக இருந்தது.

இதைக் கேளுங்கள். அந்தக் காப்பியத்தில் அழுகிறவர்கள் இரண்டு பேர். புயலில் சிக்கிய கப்பலை ஓட்டும் மீகாமன் ஒருவன், மகனைப் பறிகொடுத்த அரசர் ஒருவர். "ஓவென்று அழுதான்" என்றே அச்சில் இருக்கிறது. அங்கே அப்பா நெளிகோடு போடவில்லை. ஓரத்தில் "கம்பீரம்" என்று எழுதியிருக்கிறார். ஐம்பது வருடமாக நமக்குத் தெரிந்த புத்தகம் இது. இவ்வளவு பெரிய பெண் ஒருத்தி அதற்குள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்திருக்கிறாள், நான் பார்க்கவே இல்லை.

வசந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா நான் பேசினதையும் நீங்க அப்படித்தான் கேட்டீங்களா?" என்றாள். எழுந்து போய் டீ போட்டாள்.

இன்று மாடியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நெல் அளக்கும் இடத்தைத் திரும்பப் படித்தேன். குறியைப் பார்க்காமல், சொல்லை மட்டும் நம்பிப் படித்தேன். சனம் சிரித்தது, கை தட்டியது. இருதயராஜ் எழுந்து நின்று, "அண்ணே, இது எங்கம்மா. ரேஷன் கடையில இப்படித்தான் நிப்பாங்க" என்றார்.

இன்னொரு விஷயம். அவைக் காட்சியில் கயற்கொடி கணவனுக்குச் சொல்லும் பதிலுக்கு அடியில் நெளிகோடு இருந்து, யாரோ அழித்திருக்கிறார்கள். நீங்கள்தானே அழித்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. செப்டம்பர் முதல் ஞாயிறு நீங்கள் வர வேண்டும். அந்தக் காட்சியில் கயற்கொடியின் வரிகளை நீங்கள்தான் படிக்க வேண்டும். மில் வாசலில் நின்று நீங்கள் ஒரு சத்தம் கொடுத்தால் அடுத்த தெருவில் லாரி நிற்கும் என்று அத்தான் சொல்லுவார். அந்தக் குரல் இங்கே கேட்க வேண்டும்.

உடனே பதில் எழுதுங்கள்.

தம்பி ரகு


புக்கிட் பாத்தோக்
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நான்கு முறை ஃபோன் செய்தேன். நான்கு முறையும் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களாம், அதில் ஒரு முறை காலை பத்து மணி. மோகனப்பிரியாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை, பாவம்.

அழித்தீர்களா என்று கேட்டது தப்பா? இல்லை, மேடையில் படிக்கக் கூப்பிட்டது தப்பா? எதுவானாலும் திட்டி எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிறு நீங்கள் வராவிட்டால் எனக்கு அந்தக் காட்சியைப் படிக்கத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. அழாமல் படித்தால் அது எப்படி இருக்கும் என்று நான் கேட்டதே இல்லை.

தம்பி ரகு


தைப்பிங்
14.7.2024

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன், அதனால்தான் தாமதம்.

அழாமல் படித்தால் எப்படி இருக்கும் என்று நீ கேட்டிருக்கிறாய். உனக்கு மறந்துவிட்டது.

எழுபத்தைந்தாம் வருட நவராத்திரி. உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினேழு. ஏழாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கு அவைக் காட்சி. பாய் விரித்து, சனம் உட்கார்ந்து, சுண்டலும் வெந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நான் அந்தப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். "சரசு படிக்கட்டுமே" என்றார்கள். அப்பா தலையாட்டினார்.

நான் படித்தேன். கணவன் அவையில் கேட்கிறான், பன்னிரண்டு ஆண்டு என் வீட்டுக் கதவைக் காத்தது யார் என்று. அவள் சொல்கிறாள், "திறந்தே கிடந்தது கதவம், நீ வந்த வழி யாது?" எனக்கு அந்தக் குறி தெரியும். ஆனால் வாயில் அழுகை வரவில்லை. அது கேள்வி. நான் கேள்வியாகக் கேட்டேன். கடையில் விலை கேட்பது போல் சாதாரணமாகக் கேட்டேன்.

யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. எதிர்வீட்டு ரத்தினம்மா மட்டும், "சரியாக் கேட்டா பாரு" என்று உரக்கச் சொன்னாள். அப்பா எழுந்து வந்து புத்தகத்தை மூடினார். கட்டிய தொண்டையோடு, "போதும். உள்ளே போ" என்றார். அவ்வளவுதான். அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம்.

அத்தான் நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் உன்னிடம் ஒரு குறை உண்டு. அக்கா அழுதுகொண்டே தைப்பிங் போனாள் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். வைஷாலி கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொன்னாய். நான் அழவில்லை தம்பி. தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் ஜன்னலோர இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிளாட்பாரத்தில் ஓடி ஓடி அழுதது நீ.

நெளிகோட்டை நான் அழிக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீ குழந்தை. மிச்சம் யார் என்று நீயே பார்.

நான் வரவில்லை. வற்புறுத்தாதே. வசந்தாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா சரசு


புக்கிட் பாத்தோக்
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம் சொல்லவும் வாய் வரவில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வைஷாலி வீட்டிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிவந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அவசரத்தில் அழித்த அழிப்பு இல்லை அது. தாள் கிழியாமல், எழுத்துக்குச் சேதம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்திருக்கிறது. புத்தகத் தையலை ஒட்டி, நான் இதுவரை விரித்தே பார்க்காத மடிப்பில், அப்பாவின் பொடி எழுத்து இருக்கிறது.

"சரசு வாசித்தபடி."

அந்த இரண்டு சொல்தான் அக்கா. அவர் குவார்ட்டர்ஸில் அதற்குப் பிறகு படித்தாரே, அந்தக் காட்சி வரும்போது மட்டும் நேரமாகிவிட்டது என்று தாண்டிப் போவார். எனக்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது. உங்களைப் போல் படிக்க அவருக்குத் தைரியம் இல்லை. பழையபடி படிக்க மனமும் இல்லை.

உங்களை அழவைத்து அனுப்பியது நான்தான். ஐம்பது வருடமாக உங்கள் பெயருக்கு அடியில் நெளிகோடு போட்டது நான். மன்னித்துவிடுங்கள். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் வர வேண்டும். ராஜீவிடம் சொல்லி பஸ் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் நானே வந்து நிற்பேன். அந்த வரியை உங்கள் வாயால் கேட்காமல் நான் விடப்போவதில்லை. வராததற்கு ஒரு காரணமாவது சொல்லுங்கள்.

தம்பி ரகு


தைப்பிங்
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம் என்றும். கடிதத்தை நான்கு முறை படித்தேன். "சரசு வாசித்தபடி" என்ற இடத்தை எத்தனை முறை என்று தெரியாது.

சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கோட்டை அழித்தவர் வாயைத் திறக்கவில்லையே. அதை என்னிடம் சொல்ல அவருக்கு இருபத்து மூன்று வருடம் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவர் ரப்பரை எடுத்துத் தேய்த்திருக்கிறார் என்று நினைத்தால் மனம் எங்கேயோ போகிறது. அந்தக் கை எனக்குத் தெரியும்.

காரணம் கேட்டாய். என்னிடம் குரல் இல்லை தம்பி.

சனவரி ஆபரேஷனில் கழுத்து நரம்பு பழுதாகிவிட்டது. வெறும் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் காது வைத்தால் மோகனப்பிரியாவுக்குப் புரியும். ஆறு மாதத்தில் திரும்பலாம் என்றார்கள், அதனால் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ராஜீவ், மோகனப்பிரியா இருவரிடமும் சத்தியம் வாங்கினேன். ஜூலையோடு ஆறு மாதம் முடிந்தது. இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி இல்லை, சாப்பாடு இறங்குகிறது, நடக்கிறேன். மில் வாசலில் நின்று கூப்பிட முடியாது, அவ்வளவுதான்.

நீ அழுது படித்தபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? குரல் இருக்கிறவன் அதை இப்படி வீணாக்குகிறானே என்றுதான்.

அந்த இடத்தை நீதான் படிக்க வேண்டும். சொல்கிறேன், அப்படியே செய். "திறந்தே கிடந்தது கதவம்" என்பதைத் தாழ்ந்த குரலில் சொல். அவள் யாருக்கும் நிரூபிக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு நிறுத்து. மனத்துக்குள் நான்கு எண்ணு. சனம் நெளியும், நெளியட்டும். "நீ வந்த வழி யாது" என்று கேட்கும்போது குரலை உயர்த்தாதே. முன்வரிசையில் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேள். பதில் தெரிந்தாக வேண்டும் என்ற எண்ணத்தோடு கேள். குரலை மெலிதாக்கிப் பெண் மாதிரி பேசாதே. உன் குரலிலேயே பேசு, அவளுக்கு அது போதும்.

எனக்காக அழாதே. வேலை இருக்கிறது.

அக்கா சரசு


புக்கிட் பாத்தோக்
3.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்த அன்று நான் ஃபோனில் உளறியதை மறந்துவிடுங்கள். நீங்கள் மறுமுனையில் விரலால் மூன்று முறை தட்டியது எனக்குக் கேட்டது. போதும் நிறுத்து என்றுதானே அர்த்தம்?

பதிவு அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதில் வராததை எழுத வேண்டும். எழுபது பேர் இருப்பார்கள், ஜலாலுதீன் பாய் கீழே கடையிலிருந்து பெஞ்சு ஏற்றினார். வெளியே பஃப்ளோ ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், உள்ளே வியர்வை. நான் "திறந்தே கிடந்தது கதவம்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். நான்கு எண்ணினேன். பதிவில் அது வெறும் அமைதியாகத்தான் கேட்கும். இங்கே எழுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். என் முன்னால் புத்தகம் இருந்தது, ஆனால் நான் படிப்பது போலவே இல்லை. ஆயிரம் வருடமோ என்னவோ, அத்தனை நாள் ஒருத்தி அந்தத் தாளில் காத்திருந்து, இப்போது தலையைத் திருப்பி எங்களைப் பார்ப்பது போல் இருந்தது.

முன்வரிசையில் இருதயராஜ் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்து, "நீ வந்த வழி யாது?" என்று கேட்டேன். அவர் ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் வாயைத் திறந்தார், பதில் சொல்லப்போகிறவர் போல. பிறகு மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வசந்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்னை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

அதற்கு அடுத்து கணவனுடைய பதில். "வழி மறந்தேன்." இரண்டே சொல். அப்பா அதற்கு இரண்டு கோடு போட்டு "கம்பீரம்" என்று எழுதியிருக்கிறார். அக்கா, என்னால் முடியவில்லை. ஸ்டேஷனில் உங்கள் ஜன்னல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, ஒரு மாதிரியாகிவிட்டது. பதிவில் கேட்பீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆண்பிள்ளை வரியில் போய் அழுது கெடுத்தேன். அதற்காக மன்னிக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அப்போது சரியாகப் படித்துவிடுகிறேன்.

நேற்று ராஜீவ் வேலையாக இங்கே வந்தபோது புத்தகத்தை அவனிடம் கொடுத்தனுப்பினேன். உங்களிடம் இருக்க வேண்டியது. மறுபடி படிக்கும்போது உங்களிடம் இரவல் வாங்கிக்கொள்கிறேன். கூடவே ஒரு நல்ல ரப்பரும் வைத்திருக்கிறேன்.

இருதயராஜ் இரண்டு நாளாக ஊருக்கு ஃபோன் போட்டபடியே இருக்கிறாராம். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

தம்பி ரகு


தைப்பிங்
29.9.2024

அன்புத் தம்பி ரகுவுக்கு,

அக்கா நலம். மோகனப்பிரியா உனக்கென்று முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறாள். புத்தகமும் ரப்பரும் பத்திரமாக வந்தன.

பதிவை முதலில் தனியாகக் கேட்டேன். பிறகு இவர்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். நீ நான்கு எண்ணவில்லை, ஆறு எண்ணியிருக்கிறாய். நான் அன்று அவ்வளவு நேரம் விட்டிருக்கவில்லை, உன்னது என்னதைவிட நன்றாக இருக்கிறது. நீ கேள்வியைக் கேட்டு முடித்தபோது என் உதடு அசைந்துகொண்டிருந்தது என்று ராஜீவ் சொன்னான். எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரமாக மத்தியானம் அதுதான் வேலை. பெண்கள் வரியில் இருந்த நெளிகோட்டை எல்லாம் அழித்துவிட்டேன். அப்பா தேய்த்த மாதிரியே தாள் கிழியாமல் தேய்த்தேன். உன் ரப்பர் தீர்ந்து இன்னொன்று வாங்கினேன். அப்பாவின் பொடி எழுத்தை மட்டும் தொடவில்லை. தினமும் பிரித்துப் பார்த்துவிட்டு மூடுகிறேன்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு மனப்பாடம் இருக்கிறது, அங்கே எழுபது பேருக்கு வேண்டும். மறுபடி படிக்கும்போது அவைக் காட்சியில் கவனமாகப் பார். கணவன் வரியில் அப்பா போட்ட இரண்டு கோட்டையும் "கம்பீரம்" என்று எழுதியதையும் அழித்திருக்கிறேன். "வழி மறந்தேன்" என்பதற்கு அடியில் ஒரு நெளிகோடு இருக்கும். அது நான் போட்டது. ஓரத்தில் "ரகு வாசித்தபடி" என்று எழுதியிருக்கிறேன்.

இந்த முறை மன்னிப்புக் கேட்காமல் அழு.

அக்கா சரசு